கொம்பு பட்ட பக்கம்

இப்போது உள்ள ஆட்களுக்குப் பயம் என்ற ஒன்றே கிடையாது. அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். முன்பெல்லாம் தெரியாத ஒன்றைக் கண்டால் மனுசன் ரெண்டு அடி பின்னால் நகர்வான். இப்போது கிட்டே போய் மோந்து பார்க்கிறான். பேப்பரில் போட்டிருந்தால் சரி, ரேடியோவில் சொன்னால் சரி. அமெரிக்காக்காரன் நிலாவில் இறங்கிவிட்டான் என்று அந்த வருசம் எங்கள் தாராவிச் சந்தில் லட்டு கொடுத்தார்கள். யார் போய்ப் பார்த்தது என்று லட்டு கொடுத்தவனிடமே கேட்டேன். "தின்னுங்க பெரியப்பா, கேள்வி கேக்காதீங்க" என்றான். தின்றேன். லட்டில் குறை ஒன்றும் இல்லை.

லட்டு கொடுத்தவன் பேர் கோமதிநாயகம். எனக்குத் தம்பி முறையான ஒருத்தனின் மகன். செம்பூரில் சினிமா ஸ்டூடியோவில் செட் போடுகிற வேலை. மூங்கிலும் சாக்கும் ப்ளாஸ்டரும் கொடுத்தால் அரண்மனையும் கட்டுவான், சுடுகாடும் கட்டுவான். சதுர்த்திக்குப் பந்தல் போடுகிற எங்கள் சந்துப் பிள்ளையார் மண்டலுக்கு, அதாவது சங்கத்துக்கு, அவன்தான் செக்ரட்டரி. வாய் ஜாஸ்தி, ஆனால் கெட்டவன் இல்லை.

சதுர்த்திக்குக் கொஞ்ச நாள் முன்னால் டீக்கடையில் ஒரு இங்கிலீஷ் புத்தகத்தைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தான். பக்கம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் என்னமோ இருந்தது.

"இது என்ன, தெரியுதா பெரியப்பா?"

"அம்மை போட்ட முதுகு."

"முதுகுதான், சரியாச் சொல்லிட்டீங்க! நிலாவோட முதுகு. நிலா நமக்கு ஒரே மூஞ்சியைத்தான் காட்டிக்கிட்டுச் சுத்துது. இந்தப் பக்கத்தை இங்க இருந்து ஒருத்தனும் பார்க்க முடியாது. ராக்கெட்ல சுத்திப் போனாத்தான் உண்டு."

படத்தில் ஒரு இடத்தை விரலால் தொட்டான். பெரிய பள்ளம். அவன் சொன்னதால் பள்ளம். கரை இருக்க வேண்டிய இடத்தில் கரை இல்லை. தேய்ந்து, சரிந்து, அதன் மேலேயே குட்டிக் குட்டிக் குழியாக விழுந்து, எது கரை எது தரை என்று பிரிக்க முடியாமல் கிடந்தது. நான் பச்சைத் தோலைச் சேர்த்து வைக்கிற கிட்டங்கியில் உப்புப் போடுகிறவன். மாட்டுக்குப் பழைய புண் ஆறின இடத்தில் தோல் இப்படித்தான் இருக்கும்.

"என்னைக்கோ ஒரு பெரிய கல்லு வந்து விழுந்திருக்கு. பொறவு அதுமேல சின்னச் சின்னக் கல்லா விழுந்து விழுந்து கரை அழிஞ்சிட்டு. அங்க காத்தும் கிடையாது, மழையும் கிடையாது. அடி வாங்கியே தேஞ்சது."

"கல்லை எறிஞ்சது யாரு?"

"யாரும் எறியல. தானா வந்தது."

"தானா வருமாலே கல்லு?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் புத்தகத்தை மூடி நெஞ்சோடு வைத்துக்கொண்டான். "இதைத்தான் இந்த வருசம் பிள்ளையாருக்குப் பின்னால கட்டப் போறேன். பத்தடி உயரம். மத்த மண்டல்காரன் எல்லாம் ராக்கெட் செய்வான், கொடி நடுவான். இதை ஒருத்தனும் செய்ய மாட்டான்."

நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

சதுர்த்தி அன்றைக்கு நிலாவைப் பார்க்கக் கூடாது. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விசயம். கொழுக்கட்டை தின்ற வயிற்றோடு பிள்ளையார் வந்தபோது நிலா அவரைப் பார்த்துச் சிரித்தது. அவர் தன் கொம்பில் ஒன்றை ஒடித்து அதன்மேல் வீசினார். என் நாளில் உன்னைப் பார்க்கிறவன் செய்யாத குற்றத்துக்குப் பழி சுமப்பான் என்று சாபமும் கொடுத்தார். அன்றைக்கு அந்தி சாய்ந்தால் எங்கள் ஆட்கள் தலையைத் தூக்க மாட்டார்கள்.

"அந்த நாள்ல போய் நிலாவைக் கட்டி, லைட்டுப் போட்டு ஊருக்குக் காட்டுவியோ?"

அதற்கும் பதில் வைத்திருந்தான். "பெரியப்பா, பிள்ளையாரைப் பார்த்துச் சிரிச்சது மூஞ்சியா, முதுகா?"

"இது என்னலே கேள்வி?"

"சொல்லுங்க. மூஞ்சிதானே சிரிக்கும்? சாபம் மூஞ்சிக்கு. முதுகு என்ன பாவம் செஞ்சுது?"

கடைக்காரன் சுயம்பு சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கிளாஸைக் கீழே விட்டான். "கேஸை முடிச்சிட்டான் அண்ணாச்சி! இனி நீரு அப்பீலுக்குத்தான் போகணும்" என்றான். நான் எழுந்து வந்துவிட்டேன்.

எனக்கு என்ன பயம் என்று சொல்லிவிடுகிறேன். என் மகள் முருகம்மாள், புருசனைத் துறைமுகத்தில் பறிகொடுத்துவிட்டு என்னோடு இருந்தாள். கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு பில்டிங்கில் சில வீடுகளுக்குப் பெருக்கி, பாத்திரம் தேய்த்துக் கொடுத்தாள். அடுத்தவன் வீட்டில் வேலை செய்கிற பொம்பிளை சீக்கு வந்தால் தேறிக்கொள்வாள். பழி வந்தால் தேற மாட்டாள். எங்கள் சந்தில் நஜ்முன்னிசா என்று ஒருத்தி. வாய் திறந்து பேசத் தெரியாத பொம்பிளை. வேலை செய்த வீட்டில் கம்மலைக் காணவில்லை என்று அவளைப் போலீஸ் சவுக்கியில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். பிறகு கம்மல் கட்டிலுக்குப் பின்னால் கிடைத்தது. கிடைத்து என்ன? அந்த வீட்டிலும் திரும்பக் கூப்பிடவில்லை, அந்த பில்டிங்கில் வேறு யாரும் வாசல் ஏற்றவில்லை. கந்தல் பிரிக்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். எதிரே வந்தால் நம் மூஞ்சியைப் பார்க்க மாட்டாள்.

முருகு அப்படி ஆகிவிடக் கூடாது. எனக்கு வேறு கவலை கிடையாது.

சதுர்த்தியும் வந்தது. அன்றைக்கு வானம் முழுக்கக் கறுத்து மூடிக் கிடந்தது. நிஜ நிலாவுக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் எங்கள் சந்துக்கு ஒரே வாய், பந்தலைக் கோமதிநாயகம் அந்த வாயில்தான் போட்டிருந்தான். முருகு வேலை முடிந்து வருகிற நேரத்துக்கு நான் குடையோடு ரோட்டில் நின்றேன்.

"தலையைக் குனிஞ்சுக்கோ தாயி. பந்தல் பக்கம் பார்க்காத."

"ஏன்யா, அங்க பேயா இருக்கு?"

"பேய்னாப் பரவால்லையே."

குடையைப் பந்தல் பக்கம் சாய்த்து, அவள் தோளுக்குக் கீழே வரைக்கும் மறைத்துப் பிடித்துக்கொண்டு நடந்தேன். சத்தம் இல்லாமல் போயிருப்போம். மைக் கோமதிநாயகம் கையில் இருந்ததே.

"பூதத்தான் பெரியப்பா! மழை மேலேருந்து பெய்யுது, பக்கத்துலேருந்து இல்ல!"

கூட்டம் மொத்தமும் திரும்பிச் சிரித்தது. மண்டல் ஆட்கள் ஓடி வந்து குடையைப் பிடுங்கி மடக்கினார்கள். "பெரியவங்க நீங்க பார்த்துத்தான் திறக்கணும்" என்று இழுத்துக்கொண்டுபோய் முன்னால் நிறுத்தினார்கள். நெரிசலில் முருகுவின் கையை விட எனக்குத் தைரியம் இல்லை. அவளும் கூடவே வந்துவிட்டாள். இருந்த விளக்கை எல்லாம் அணைத்தார்கள். திரை விலகியது.

ஒரே ஒரு லைட், கீழே ஓரத்திலிருந்து சாய்வாக. சாக்கு என்று எனக்குத் தெரியும். அவன் சாக்கு சுமந்து போனதை நானே பார்த்தேன். அப்படியும் கால் ரெண்டு அடி பின்னால் போனது. கரை கரைந்த ஒரு வாய். உள்ளே இருட்டு. கரைமேல் குழி, குழிக்குள் குழி, அடிபடாத இடம் கைப்பிடி அளவு இல்லை. எவன் கண்ணிலும் படாமல் இத்தனை காலம் அங்கே கிடந்து அடி வாங்கியிருக்கிறது. ஏன் என்று கேட்க ஒருத்தரும் இல்லை. அதற்கு முன்னால் பிள்ளையார் சின்னதாக உட்கார்ந்திருந்தார். ஒரு கொம்பு முழுசு, ஒரு கொம்பு முறிவு. முறிந்த கொம்பின் நிழல் நீண்டு போய்ப் பள்ளத்தின் நடுவில் விழுந்து கிடந்தது.

அங்கே நின்றபடியே எனக்கு விளங்கிவிட்டது. நிலாவின் மூஞ்சியைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். கொம்பு பட்ட தழும்பு அதில் கிடையாது. எறிந்தது சாமி, குறி தப்புமா? சிரித்தவன் பயந்து திரும்பி ஓடியிருப்பான். ஓடுகிறவனுக்கு அடி எங்கே விழும்? முதுகில். அதனால்தான் அன்றிலிருந்து அது யாருக்கும் முதுகைக் காட்டுவதில்லை. சும்மா மூஞ்சியைப் பார்த்தாலே பழி என்றால், கொம்பு பட்ட இடத்தையே கண் நிறையப் பார்த்தவள் கதி என்ன?

பக்கத்தில் முருகு கண் கொட்டாமல் நின்றாள். "எவ்வளவு நல்லாச் செஞ்சிருக்கான்யா" என்றாள்.

கூட்டம் கலைந்த பிறகு கோமதிநாயகத்தைத் தனியாகப் பிடித்து இதைச் சொன்னேன். அவன் சிரிக்கத்தான் வாயைத் திறந்தான். என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

"பெரியப்பா, நஜ்முன்னிசா அக்கா மேல பழி வந்ததே, அவுக சதுர்த்தி நிலாவைப் பார்த்தா வந்தது? இல்லாதவ மேல பழி போட நிலா எதுக்கு? கம்மல் காணாமப் போனாப் போதும்."

"அப்ப உனக்கும் தெரியுது, பழி வரும்னு."

"நான் அதையா சொன்னேன்?"

அவனோடு பேசிப் பயன் இல்லை. வீட்டுக்கு வந்தேன். சோற்றை அப்படியே வைத்துவிட்டு வாசலில் வந்து நின்றேன்.

பக்கத்து வீட்டுப் பார்வதியம்மாள் என் முகத்தைப் பார்த்து விசாரித்தாள். எனக்குத் தங்கச்சி முறை. எல்லாவற்றுக்கும் ஒரு கைவைத்தியம் வைத்திருக்கிறவள். முருகு அடுப்படியில் இருந்தாள், அதனால் வாசலுக்கு வெளியே நின்று மெதுவாகப் பேசினோம்.

"கிருஷ்ணர் மேலயே ரத்தின மணி திருடின பழி வந்ததாம் அண்ணாச்சி. அந்தக் கதையைப் படிச்சுக் கேட்டா தோசம் போயிரும்னு மாதுங்கா ஐயர் வீடுகள்ல சொல்லுவாக. நமக்கு யாரு படிச்சுச் சொல்ல? வடக்கத்திப் பொம்பிளைக வேற மாதிரி செய்யுதாக. பக்கத்து வீட்டு ஓட்டுமேல கல்லை விட்டு எறிவாக. அந்த வீட்டுக்காரி வெளிய வந்து வாய்க்கு வந்தபடி ஏசுவா. ஏச்சு வாங்கியாச்சுன்னா அந்த வருசத்துப் பழி அதோட கழிஞ்சுது."

"முருகு கல்லெறிய மாட்டாளே."

"அவ எறிய வேண்டாம். நானே ஏசுதேன். காலையில குழாயடியில வச்சு, என் செம்பை எடுத்தியான்னு ஒரு வார்த்தை. சின்னப் பழியா ஒண்ணை நாமளே போட்டுட்டா பெருசு வர இடம் இருக்காது."

"அவகிட்ட சொல்லிரட்டுமா?"

"சொன்னா அது பழியா? சினிமால்லா?"

அவள் பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. கோமதிநாயகத்தின் பேச்சிலும் இல்லை. ஆனால் நம்பிக்கை இல்லாதவனையும் பயம் விடாது. ஒரு வார்த்தைதானே, சரி என்று சொல்லிவிட்டேன். வேறு யார் வழி சொன்னார்கள்?

காலையில் குழாயடியில் வழக்கமான வரிசை. முருகு குடத்தோடு நின்றாள். பார்வதியம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள்.

"ஏட்டி முருகு, என் செம்பு எங்க?"

"எந்தச் செம்பு அத்தை?"

"எந்தச் செம்பா? வாசல்ல கவுத்தி வச்சிருந்தேனே, அந்தச் செம்பு. போன இடத்துல எல்லாம் கையை நீட்டிப் பழகிட்டா அக்கத்துப் பக்கத்து வீடுன்னு தெரியுமா?"

ஒரு வார்த்தை என்றுதான் பேச்சு. அவளுக்கு வாய் சூடு பிடித்துவிட்டது. தமிழில் ஏசினால் தமிழ் ஆட்களுக்கு மட்டும்தான் விளங்கும், பழி பாதிதான் கழியும் என்று நினைத்தாளோ என்னமோ, வரிசைப் பக்கம் திரும்பி ஹிந்தியில் ஆரம்பித்தாள். "சோர் ஹை யே! மேரா லோட்டா சோரி கியா!" இவள் திருடி, என் செம்பைத் திருடிவிட்டாள் என்று.

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். முருகு குடத்தைக் கீழே வைத்தாள். "அத்தை, சத்தியமா எனக்குத் தெரியாது. வீட்டுக்குள்ள வந்து பாருங்க" என்றாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் குடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பார்வதியம்மாள் என் பக்கம் ஒரு கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனாள்.

வரிசையில் பாகீரதி பாய் நின்றதை நான் கவனிக்கவில்லை. மராத்திக்காரி. பின் சந்தில் குடியிருக்கிறாள். முருகு வேலை செய்கிற அதே பில்டிங்கில் கீழ் வீடுகளைப் பெருக்குகிறவள்.

மத்தியானம் கிட்டங்கி வாசலில் முருகு வந்து நின்றாள். இந்த நேரத்துக்கு அவள் வந்ததே கிடையாது. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டிருந்தாள்.

"நான் வேலை பார்க்கிற மாமி வீட்டுல வெள்ளிச் சந்தனக் கிண்ணத்தைக் காணோமாம்யா. நேத்து பூசையில இருந்துதாம். பாகீரதி பாய் போய்க் குழாயடிச் சண்டையைச் சொல்லிட்டா. உங்கப்பாவைக் கூட்டிட்டு வான்னு மாமி அனுப்பிட்டாங்க."

என் கையிலிருந்த உப்பு அப்படியே கொட்டியது. பெரிசு வந்துவிட்டது. சின்னதைப் பிடித்துக்கொண்டே வந்துவிட்டது.

முதலாளியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பவே சாயங்காலம் ஆகிவிட்டது. பார்வதியம்மாளையும் இழுத்துக்கொண்டு போனேன். "நான் எதுக்கு அண்ணாச்சி? எனக்கு அங்க யாரையும் தெரியாது" என்று ரயில் பாலம் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள். "ஏசினது உன் வாய்தானே, அதையும் கூட்டிட்டு வா" என்றேன். முருகு எங்களுக்கு முன்னால் நடந்தாள். நாங்கள் பேசிக்கொண்டது அவளுக்குக் கேட்டிருக்கும். அவள் நடையை எட்டிப் போட்டாள்.

படியேறிப் போய் நின்றோம். விஜயலக்ஷ்மி மாமி கதவைத் திறந்தாள். நல்ல நிறம், நெற்றியில் குங்குமம், கண் சிவந்திருந்தது. அழுதிருக்கிறாள்.

"நீங்கதான் முருகம்மாவோட அப்பாவா? அங்கயே நில்லுங்கோ, பரவாயில்லை. நான் யாரையும் திருடின்னு சொல்லலை. போலீஸ் கீலீஸ்னு போக எனக்கு இஷ்டமும் இல்லை. எடுத்திருந்தா வச்சுடச் சொல்லுங்கோ, அவ்வளவுதான்."

"நான் எடுக்கலை மாமி" என்றாள் முருகு.

பார்வதியம்மாள் இடுப்பிலிருந்து செம்பை எடுத்து நீட்டினாள். "அம்மா, இதுதான் செம்பு. காணாமப் போகவே இல்ல. நான் சும்மா சொன்னேன்."

மாமி செம்பைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "ஆத்துல இருக்கற செம்பைத் திருடிட்டான்னு எதுக்குச் சொன்னே? யாராவது அப்படிச் சொல்லுவாளா?"

நான்தான் சொல்ல வேண்டியதாயிற்று. "நேத்து இவ நிலாவைப் பார்த்துட்டா மாமி. அந்தத் தோசம் கழியத்தான்."

"நேத்தா? ஒரே மேகமா இருந்துதே. நிலா எங்க தெரிஞ்சுது?"

"பந்தல்ல. சாக்குல செஞ்ச நிலா."

"சாக்கு நிலாவைப் பார்த்தா தோஷமா?"

"அது பின்பக்கம் மாமி. கொம்பு பட்ட பக்கம்."

மாமி கதவைக் கொஞ்சம் சாத்திப் பிடித்துக்கொண்டாள். பைத்தியக்காரனிடம் பேசுகிற மாதிரி குரலைத் தாழ்த்தினாள். "பெரியவரே, எனக்கு அதெல்லாம் புரியலை. அந்தக் கிண்ணம் என் மாமியாரோடது. அவா ஊர்லேருந்து வந்து எங்கேன்னு கேட்டா நான் யாரைக் காட்டறது?"

அவள் மூஞ்சியை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். இந்த அம்மாளும் என்னைப் போலப் பயந்துபோய் நிற்கிறாள். பயந்தவள் கையில் யாராவது அகப்பட்டால் விட மாட்டாள்.

அந்த நேரத்தில் கீழேயிருந்து ஆள் ஏறி வருகிற சத்தம் கேட்டது. வீட்டுக்கார ஐயா, சந்திரமௌலி. ஆபீஸ் பை, நனைந்த குடை. வாசலில் எங்கள் கூட்டத்தைப் பார்த்து, "என்ன, கலெக்‌ஷனா? பிள்ளையார் பணம் நேத்திக்கே குடுத்தாச்சே" என்றார்.

"கலெக்‌ஷன் இல்லை. அம்மாவோட சந்தனக் கிண்ணத்தைக் காணோம்" என்றாள் மாமி.

"பூஜையில வச்சிருந்தியே அதுவா? பிள்ளையார் பக்கத்துல?"

"அதேதான்."

அவர் குடையை மடக்கிக்கொண்டே யோசித்தார். "காலம்பற பிள்ளையாரைக் கிணத்துல விடறதுக்கு எடுத்துண்டு போனேனே. பூ, அருகம்புல், எல்லாத்தையும் அப்படியே துணியோட சுருட்டிண்டுதான் போனேன். நல்ல கனமா இருந்தது. இந்த வருஷம் பிள்ளையார் கனம்னு நினைச்சுண்டேன்."

பார்வதியம்மாள் "பிள்ளையாரப்பா" என்றாள்.

மாமி ஜன்னல் பக்கம் ஓடினாள். பின்புறக் கிணறு அங்கேயிருந்து தெரியும் போலிருக்கிறது. "மழைல மேல வரைக்கும் நிறைஞ்சிருக்கே!"

"கோடையில வத்தும். அப்போ தெரிஞ்சுடும்" என்றார் அவர், செருப்பைக் கழற்றிக்கொண்டே. அவருக்கு அதோடு முடிந்துவிட்டது.

கோடை. அது வரைக்கும் இவள் என்ன, திருடியா இல்லையா? நான் கேட்கவில்லை.

மாமி திரும்பி வந்தாள். முகம் தெளிந்திருந்தது. "நாளைக்கு வழக்கம் போல வந்துடு முருகம்மா. மனசுல ஒண்ணும் வச்சுக்காதே."

முருகு முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்த வீட்டுச் சாவியை எடுத்தாள். மாமி கோயிலுக்குப் போகிற நாளில் திறந்து வேலை செய்வதற்காகக் கொடுத்து வைத்த சாவி. "இது உங்ககிட்டயே இருக்கட்டும் மாமி. நீங்க இருக்கும்போது நான் வாரேன்."

"ஐயோ, நான் அப்படிச் சொல்லலையே" என்றாள் மாமி. சொல்லிக்கொண்டே கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

திரும்பி வரும்போது பாலத்தின்மேல் முருகு நின்றாள்.

"நீங்க சொல்லித்தானா அத்தை அப்படி ஏசினா?"

"உன் நல்லதுக்குத்தான் தாயி."

"குழாயடியில நின்ன அத்தனை பேரு வீட்டுக்கும் போய், அது என் மக நல்லதுக்குன்னு சொல்லுவீங்களாய்யா?"

பார்வதியம்மாள் குறுக்கே வந்தாள். "நான் சொல்லுதேன் முருகு. மைக்கு இருக்குல்லா? மைக்குல சொல்லிருதேன். தமிழ்லயும் சொல்லுதேன், ஹிந்திலயும் சொல்லுதேன்."

அப்படித்தான் நான் மறுபடி அந்தப் பந்தலுக்குப் போக வேண்டியதாயிற்று. இருட்டத் தொடங்கியிருந்தது. லைட்டுப் போட்டிருந்தார்கள். அந்தச் சாக்கு நிலா அங்கேயே நின்றது, நேற்றைவிடப் பெரிதாக. நான் அதற்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு கோமதிநாயகத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

"பெரியப்பா, கிண்ணத்தைக் கிணத்துல போட்டது அந்த வீட்டு ஐயா. திருடின்னு ஏசினது பார்வதி அத்தை. ஏசச் சொன்னது நீங்க. இதுல நிலா எங்க வந்துது?"

"வராமலா எல்லாம் சதுர்த்தி மறுநாளே நடந்துது?"

அவன் மைக்கைத் தட்டி ஊதிப் பார்வதியம்மாள் கையில் கொடுத்தான். அவளுக்கு மைக் புதுசு. கத்தினாள். "எல்லாரும் கேளுங்க! முருகம்மா என் செம்பை எடுக்கல! நான் சொன்னது பொய்! அவ செம்பும் எடுக்கல, வெள்ளிக் கிண்ணமும் எடுக்கல!"

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. "வெள்ளிக் கிண்ணமா? எந்தக் கிண்ணம்?" அதுவரை இங்கே ஒருத்தருக்கும் கிண்ணத்தைப் பற்றித் தெரியாது. பின்னாலிருந்து ஒருத்தன், "ஏ பார்வதி, காலையில ஏசினது நாடகமா, இப்ப சொல்லுதது நாடகமா?" என்றான். நல்ல சிரிப்பு. ஒன்றைத் துடைக்கப் போனால் அதன்மேல் இன்னொன்று விழுகிறது.

முருகு போய் மைக்கை வாங்கினாள். நான் தடுக்கப் பார்த்தேன், என் கையை விலக்கிவிட்டாள். செம்பு, கிண்ணம், கிணறு, மாமி, சாவி, ஒன்று விடாமல் சொன்னாள். ஹிந்தியிலும் சொன்னாள். எங்கப்பா சாக்கு நிலாவைப் பார்த்துப் பயந்துபோய்தான் இதைச் செய்தார் என்றும் சொன்னாள். கூட்டம் என்னைப் பார்த்துச் சிரித்தது. சிரிக்கட்டும். அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. பாகீரதி பாய் முன்னால் வந்து மராத்தியில் என்னமோ கேட்டாள். முருகு நின்று பதில் சொன்னாள்.

கோமதிநாயகம் என் தோளில் கையைப் போட்டான். "பார்த்தீங்களா பெரியப்பா, தீர்ந்துது. இப்பவாவது கிட்ட வந்து தொட்டுப் பாருங்க. வெறும் சாக்கு. பள்ளம் கூட ஒரு சாண் ஆழம்தான்."

"சாக்குன்னு எனக்குத் தெரியாதாலே? நீ எதைப் பார்த்து இதைச் செஞ்சியோ, அதைத் தொட்டுப் பார்த்தவன் எவன்?"

"யாரும் இல்ல. அந்தப் பக்கம் யாரும் இறங்கல."

"ஏன் இறங்கல?"

அவன் எரிபொருள், ரேடியோ என்று ஆரம்பித்தான். அவனுக்கு எல்லாவற்றுக்கும் பதில் வரும். தீர்ந்தது என்கிறான். மாமி சாவியை வாங்கிக்கொண்டாள், கிணறு வற்ற இன்னும் எத்தனையோ மாசம் இருக்கிறது, பின்னால் நின்று கேட்டானே ஒருத்தன், அவன் மூஞ்சியை நான் பார்க்கவில்லை. எது தீர்ந்தது?

அவன் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டேன். "கொம்பு அங்கதான் பட்டுது" என்றேன். அவன் பின்னாலிருந்து என்னமோ சொன்னான், கூட்டம் சிரித்தது. நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.